தலைகீழ் ‘ப’

ரஷ்யாக்காரன் தமிழில் எழுதுவானா என்று அந்தக் கடைக்காரர் கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் கன்னம் எரிகிறது.

அப்பாவிடம் ஒரு பழைய ரஷ்ய கேமரா உண்டு. அதன் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பி இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கினால் படம் தெளிவாக விழும். லென்ஸின் முன்விளிம்பில் வெள்ளை எழுத்துகளுக்கு நடுவே ஒரேயொரு சிவப்பு எழுத்து. கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் அது அப்படியே ‘ப’. எங்கள் ஊர் பெரம்பலூரில் யாரோ தீட்டியது என்று சிறுவயதில் நினைத்தேன். எம்.எஸ்சி. முடித்து, ஒரு குழந்தைக்குத் தாயான பிறகும் அதை மாற்றி யோசிக்கவில்லை.

மகளுக்குச் சிறுவாச்சூர் கோவிலில் காது குத்துவதாக இருந்தோம். தன் கேமராவில்தான் எடுப்பேன் என்றார் அப்பா. வளையமோ இறுகிப்போய்த் திரும்பவில்லை. அரியலூரில் கேமரா பழுது பார்ப்பவர் தன்னோடு படித்தவர் என்று என் கணவர் சொன்னார். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். சிலிண்டர் சீல், மருந்துப் பாட்டிலின் தேதி, தடுப்பூசி அட்டை என்று எதையும் எடுத்து வைப்பது என் வழக்கம்.

“கேமராவையே போட்டோ புடிக்கிற ஒரே ஆளு நீதான்” என்றார் கணவர்.

பத்து நாள் கழித்து வாங்கி வந்தேன். குழந்தை அழுததால் கடையில் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது நம்ம லென்சு இல்லம்மா. உள்ள பூசணம் பூத்திருக்கு. இதுல எடுத்தா புள்ள மூஞ்சி பொகையாத்தான் விழும்.”

சிவப்பு எழுத்தைக் காணோம்.

“அவன் ஏன் மாத்தப்போறான்? மாமாவுக்கு வயசாச்சு, மறந்திருப்பாரு” என்றார் கணவர். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். பெற்ற அப்பாவின் கண்ணைவிட அறியாத ஒருவரின் நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

சனிக்கிழமை குழந்தையையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். திங்கட்கிழமை காது குத்து.

“அண்ணே, எங்க லென்ஸ்ல செவப்பா ஒரு ‘ப’ இருந்துச்சு” என்றேன்.

அவர் கடையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். “கேட்டியா மாப்ள? ரஷ்யாக்காரன் தமிழ்ல ‘ப’ போட்டு அனுப்பியிருக்கான். ‘பத்திரமா வச்சிக்க’ன்னு அர்த்தமோ என்னமோ! தங்கச்சி, யாராச்சும் நெயில் பாலிஷ் வச்சிருப்பாங்க. கெமிக்கல் பட்டு அழிஞ்சிருக்கும். போயிட்டு வாங்க.”

சிரித்தேன். “சரிங்கண்ணே” என்றுகூடச் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தும் வண்டி கிளம்பவில்லை. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசிக்கு மகளின் முகத்தை மூடிக்கொண்டு, போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். சிவப்பு எழுத்து தெளிவாக இருந்தது. அது வெறுமே தீட்டியது அல்ல, மற்ற எழுத்துகளைப் போலவே பொறித்தது. போனிலேயே தேடினேன். அது ரஷ்ய எழுத்தாம். கண்ணாடிக்கு மேல்பூச்சு கொடுத்திருப்பதன் அடையாளமாம். நேராகப் பிடித்தாலும் அதன் ஒலி ‘ப’தானாம்! பக்கத்தில் உள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கம் லென்ஸ் செய்த ஆண்டு. எங்கள் படத்தில் இருந்தது 56. கையில் இருந்த லென்ஸில் 72.

மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினேன்.

திரும்பக் கடைக்குப் போய்ப் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “நம்பரைப் படிங்க. இப்ப இதுல இருக்குறதையும் படிங்க.”

படித்தார். “ஓ... மாறிப்போயிருக்கும் தங்கச்சி. அது திருச்சி பார்ட்டிக்குப் போயிருச்சே. இதுவும் அதே கம்பெனிதான்.”

“தங்கச்சின்னு கூப்புடாதீங்க. திருச்சிக்குப் போன் போடுங்க. லென்ஸ் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

மகளைக் கண்ணாடி மேசை மேல் உட்கார வைத்தேன். அவள் அங்கே தொங்கிய செல்போன் கவர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டாள். வேறு நாளாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுப் பொறுக்கியிருப்பேன். அன்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழெட்டு கவர் விழுந்ததும் அவர் கீழ் டிராயரைத் திறந்தார். திருச்சி அங்கேதான் இருந்தது.

ஒவ்வோர் இலக்கமாக நான் சொல்ல, அவரை வாய்விட்டுப் படிக்க வைத்தேன். பிறகுதான் லென்ஸைக் கேமராவில் திருகச் சொன்னேன்.

வெளியே வருவதற்குள் அவர் என் கணவருக்குச் சொல்லிவிட்டார் போல. போன் வந்தது.

“கெடச்சிருச்சாமே? நம்ம ஆளா இருக்கக்கண்டுதான் எடுத்துக் குடுத்தான். நீ ஏன் கடையில சத்தம் போட்ட?”

நான் சத்தமே போடவில்லை.

“இனிமேத்தான் போடப்போறேன். வூட்டுக்கு வரேன், இருங்க” என்றேன்.