தொப்பிய மட்டும் தொடாத

நான் வேல பாக்குற ஆவடி கேம் சென்டருக்கு ஒரு நாள் அந்த அண்ணாத்தே வந்தாரு. ஒல்லி ஒடம்பு, ஒட்ட வெட்டின முடி. நிமிசத்துக்கு ஒரு தபா மூச்ச இழுத்து நெஞ்ச விரிச்சுப் புடிப்பாரு.

மிலிட்டரி கேம்ல தன்னோட சிப்பாய்க்கு ட்ரெஸ் மாட்ட ஒக்காந்தாரு. சட்ட, பூட்ஸு, பெல்ட்டு எல்லாம் நெசமா நம்ம ஆர்மில குடுக்கிற மாதிரியே தேடித் தேடி எடுத்தாரு. முக்கா மணி நேரம் ஓடிச்சு.

"இன்னா அண்ணாத்தே, உன் சிப்பாய் பொண்ணு பாக்கப் போறானா? அந்த பேட்ஜ் வச்ச தொப்பிய மாட்டி சண்டைக்கு அனுப்பு"ன்னு கலாய்ச்சேன்.

"ட்ரெய்னிங் முடிச்சவன்தான் அத்த போடணும் தம்பி. நான் செலக்சன்லயே தேறல."

"கேம்தானே, எவன் கேக்கப் போறான்?"

"நெஞ்சளவு பத்தலன்னு மூணு தபா திருப்பி அனுப்பிட்டானுங்க. நாளைக்குப் போறதுதான் கடைசி, அப்பால வயசு தாண்டிடும். எட்த்துட்டானுங்கன்னா ட்ரெய்னிங் முடிச்சிட்டு நானே வந்து மாட்டிக்கறேன். அதுவரைக்கும் தொப்பிய மட்டும் தொடாத."

சிப்பாய அப்டியே சேவ் பண்ணிட்டு, கேம்ல சண்டையே போடாம எழுந்து போயிட்டாரு.

ரெண்டு வருசம் ஆச்சு. அந்த சிப்பாய் இன்னும் எங்க கம்ப்யூட்டர்ல வெறுந்தலையோடதான் நிக்கிறான். பசங்க பாத்து சிரிக்கிறானுங்க. எவனாவது தொப்பி மாட்ட வந்தா, கைய தட்டி வுட்டுர்றேன்.