பக்கத்துத் தோட்டத்தில் ஆண்டவர் வைத்திருந்த உதவி

கல்யாணமான மறுவருடமே என் கணவருக்குத் தேனிப் பக்கம் ஓடைப்பட்டி வங்கிக்கு மாற்றல் வந்தது. தூத்துக்குடியில் சபை, சொந்தபந்தம், கடற்காற்று என்று வளர்ந்தவள் நான். இங்கே வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் திராட்சைப் பந்தல். நடந்து போகிற தூரத்தில் ஒரு சபை இல்லை. பேச ஆளில்லை. சன்னலைத் திறந்தால் மருந்தடிக்கிற வாடை. அப்போது நான் கர்ப்பமாக வேறு இருந்தேன். “ஆண்டவரே, இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? என்னை இங்கிருந்து கொண்டுபோய்விடும்” என்று தினமும் அழுது ஜெபிப்பேன்.

தேனி டவுனை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் ஒரு வாடகை வீடு அமைந்தது. சாமான்களையெல்லாம் கட்டிவிட்டோம். கடைசி நேரத்தில், தன் மகளே குடிவரப் போகிறாள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. ஆண்டவர் என்னை மறந்தேவிட்டார் என்று நினைத்தேன்.

போன ஐப்பசி. எனக்கு எட்டாம் மாதம். காலையில் கணவர் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் உதிரம் போக ஆரம்பித்தது. வலி இல்லை, ஆனால் நிற்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, “இயேசுவே” என்று கத்தினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பாண்டி அண்ணன் பந்தலுக்குள்ளிருந்து ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி செல்வி அக்கா. அதுவரை அவர்களோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை.

“ஆத்தா, கண்ண மூடிறாத. இந்தா, தேனிக்குப் போயிருவோம்” என்றார் அக்கா. பழப்பெட்டி ஏற்றுகிற வேனில் என்னைப் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். வழியெல்லாம் நான் ஜெபித்தேன். அக்கா என் கையை விடவில்லை.

தகவல் தெரிந்து கணவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், என் ரத்தம் ஓ நெகட்டிவ், கையிருப்பு போதாது என்று டாக்டர் சொன்னார். கணவர் யார் யாருக்கோ போன் போட்டார். எங்கும் கிடைக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, “பிள்ளையையாவது காப்பாற்றும் ஆண்டவரே” என்றேன்.

“தம்பி, டாக்டரம்மா என்ன சொன்னாக?” பாண்டி அண்ணனின் குரல்.

“ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்கலண்ணே.”

“எனக்கும் அதேதேன். எங்கன குடுக்கணும்?”

யோசித்துப் பாருங்கள். இவ்வளவு அரிதான ரத்தம், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இத்தனை மாதமும் நடமாடிக்கொண்டிருந்தது. நான் கேட்ட வீடு கிடைத்திருந்தால், ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் அந்த ரத்தத்துக்கு எங்கே போயிருப்போம்? மறந்துவிட்டார் என்று நான் அழுத நாளில், ஆண்டவர் எனக்காக வேலை செய்துகொண்டிருந்தார்.

அண்ணன் கொடுத்த ரத்தத்தோடு ஆபரேஷன் நடந்து, மகள் பிறந்தாள். எடை குறைவுதான், ஆனால் அவள் அழுகை வராந்தாவரை கேட்டதாம். நானும் பிழைத்தேன். ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.

தூத்துக்குடிக்கே மாற்றல் கேட்டு எழுதட்டுமா என்று சென்ற மாதம் கணவர் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டிலேயே ஜெபிக்கிறோம். செல்வி அக்கா வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன வாரம், “எம் மகளுக்கும் உங்க ஆண்டவருகிட்ட ஒரு வார்த்த கேளு ஆத்தா” என்றார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிடிக்காத ஊரில் இருக்கிற சகோதரியே, சகோதரனே, அங்கேயே முழங்கால் போடுங்கள். “என்னை ஏன் இங்கே வைத்தீர்?” என்று அவரிடமே கேளுங்கள். பிறகு கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பெயர் என்ன என்று விசாரியுங்கள்.