லவோன் அனுப்பிய பழுப்புப் போர்வை

ஆர்டித் க்ரூகர் யாரையும் லேசில் நம்பமாட்டாள். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் சோளக்காட்டு ஊர்களில் செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனை எங்கே நடந்தாலும், விடிவதற்குள் தன் பழைய பிக்கப் வண்டியில் போய் வரிசைச் சீட்டு வாங்கிவிடுவாள். கதவு திறந்ததும் மற்றவர்கள் வெள்ளிச் சாமானுக்கு ஓடுவார்கள். இவள் நேரே படுக்கையறைக்குப் போவாள். அவளுக்கு வேண்டியது துண்டுத் துணிகளை ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்துக் கையால் தைத்த ஒட்டுப்போர்வைகள் மட்டும்தான்.

போர்வை கையில் கிடைத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். புதுத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசென்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. பிறகு திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பாள். சீராக இருந்தால் மிஷின் வேலையோ என்று சந்தேகம். கோணலாக இருந்தால் கைவேலை போல நடிக்கிறதோ என்று சந்தேகம். கடைசியாக ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள். உள்ளே பஞ்சில் பருத்திக்கொட்டைத் துணுக்குகள் கறுப்பாகத் தெரிந்தால்தான் அந்தக் காலத்துப் பஞ்சு என்று சமாதானமாவாள். அப்படித் தேறி வீடு வந்த போர்வைக்கு நடக்கும் உபசாரம் பெற்ற பிள்ளைக்குக்கூட நடக்காது. தலையணை உறையில் பொதிந்து வைப்பாள். மடிப்பில் நூல் இற்றுவிடக்கூடாதென்று அவ்வப்போது பிரித்து வேறு விதமாக மடிப்பாள்.

இத்தனை போர்வை சேர்த்தும், அவள் தேடிய ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பூப்போட்ட தீவன மூட்டைத் துணிகளை வெட்டி, வளையத்துக்குள் வளையம் கோத்த மாதிரி அவள் அம்மா தைத்தது. ஆர்டித் பிறந்ததே அதன்மேல்தான் என்பார்கள். அம்மா போன பிறகு அதைக் காணவில்லை. அக்கா லவோன்தான் சுருட்டிக்கொண்டாள் என்று ஆர்டித் முடிவு கட்டினாள். கேட்டால் பொய்தான் சொல்வாள் என்று கேட்கவே இல்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு லவோனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், ஒரு பூ இல்லை, ஒரு ஒட்டு இல்லை, வெறும் பழுப்புத் துணியில் கனமான ஒரு போர்வை. மறுநாளே லவோன் போன் செய்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அவ்வளவுதானா? ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

லவோன் போனை வைத்துவிட்டாள். அம்மாவின் போர்வையை அமுக்கிக்கொண்டு, வாயை அடைக்க இந்தச் சாக்குத் துணியை அனுப்பியிருக்கிறாள் என்று ஆர்டித் பொருமினாள். பழுப்புப் போர்வை பிக்கப்பின் பின்தட்டுக்குப் போனது. வாங்கிய அலமாரிகள் உராயாமல் இருக்க விரிப்பாக அங்கேயே கிடந்தது. ஒருமுறை நாற்காலிக் கால் பட்டு அது கிழிந்தபோது உள்ளே கந்தல் தெரிந்தது. பஞ்சுகூட வாங்காமல் கந்தலைத் திணித்திருக்கிறாளே, கஞ்சப் பிசினாறி என்று திட்டிக்கொண்டாள். அதன்பின் அக்காவும் தங்கையும் சாவு வீடுகளில் மட்டும் தலையாட்டிக்கொண்டார்கள்.

இந்த வசந்தத்தில் லவோனே போய்விட்டாள். அவள் மகள் கார்லா வீட்டுச் சாமான்களை விற்பனைக்கு வைத்தாள். ஆர்டித் வழக்கம்போல இருட்டிலேயே போய்ச் சீட்டு வாங்கி நின்றாள். சொந்தக்காரி என்று முன்னதாகச் சொல்லிக்கொண்டு போனால் ஒளித்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

"சித்தி, நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க? பின்வாசல் வழியா வரக்கூடாதா?" என்றாள் கார்லா.

"எனக்குச் சலுகை ஒண்ணும் வேண்டாம். சீட்டு இருக்கு."

பின்னால் நின்ற பழம்பொருள் வியாபாரி வெண்டல் சிரித்தான். "ஏம்மா ஆர்டித், கூடப் பொறந்தவ வீட்டுலயுமா மோந்து பாக்கப் போறே?"

"கூடப் பொறந்தவ வீடுன்னா ரெண்டு தரம் மோந்து பாக்கணும்."

உள்ளே போய் அலமாரி, மரப்பெட்டி, கட்டிலடி என்று ஒன்று விடாமல் துழாவினாள். அம்மாவின் போர்வை இல்லை. வெண்டலுக்கு முன்கூட்டியே விற்றுவிட்டாளோ என்று தோன்றியதும் கார்லாவை மடக்கிக் கேட்டாள். "எங்கம்மா தைச்ச வளையப் போர்வை எங்கேடி?"

"அதுவா? உங்ககிட்டதானே இருக்கு சித்தி? அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

செத்த பிறகும் புளுகு நிற்கவில்லை என்று ஆர்டித் பல்லைக் கடித்தாள். கட்டில்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் போர்வை கிடந்தது. லவோன் தைத்ததுதான். கைப்பழக்கம் விடுமா? அதை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். சாம்பல் துணிக்குள் வரிசையாக நட்சத்திரங்கள் நிழலாகத் தெரிந்தன.

"இது என்னடி?"

"அப்பாவோட அம்மா தைச்சது சித்தி. நைஞ்சு போச்சு. அதான் எங்கம்மா மேலயும் கீழயும் புதுத்துணி குடுத்து மூடித் தைச்சாங்க. பழசைத் தூக்கிப் போட மனசு வராது அவங்களுக்கு. சித்தி, எங்க போறீங்க?"

ஆர்டித் வெளியே வந்து பிக்கப்பின் பின்தட்டைத் திறந்தாள். பழுப்புப் போர்வையின்மேல் ஜாக்கி கிடந்தது, பெயிண்ட் டப்பா கிடந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதை உருவினாள். பின்னாலேயே ஓடிவந்த கார்லாவிடம் ஒரு முனையைக் கொடுத்து, "தூக்கிப் பிடி" என்றாள்.

காலை வெயில் நேர் எதிரே இருந்தது. தேய்ந்துபோன பழுப்புத் துணிக்குள் வளையத்துக்குள் வளையம், வளையத்துக்குள் வளையமாக ஓரம்வரை தெரிந்தது. நாற்காலிக் கால் கிழித்தது அம்மாவின் தையலை. நடுவில் ஜாக்கியின் எண்ணெய்க் கறை தட்டளவுக்குப் படிந்திருந்தது. ஊரார் போர்வையையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற தங்கை இதையும் பிடித்துப் பார்ப்பாள் என்றுதான் லவோன் ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருக்கிறாள். ஆர்டித் கிழிசலை விரலால் தடவியபடி ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சித்தி? யாருகிட்ட பேசுறீங்க?"

"பாத்தேன் லவோன்," என்று ஆர்டித் போர்வையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் பாத்தேன்."