மாரியாயியின் மல்லிகைச் சரம்

மாரியாயியைத் தலையில் பூ இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. கிள்ளான் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். பால் மரம் வெட்டப் போகும்போதும் காது மறைய மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருப்பாள். கட்டினவன் ரவாங்கில் ஈயம் தோண்டும் லம்பத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பாதவன். "யாருக்கு இந்தச் சிங்காரம்?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க வாய் கிழியப் பேசின. முதலில் பேசியவள் நான்தான். பக்கத்து வீட்டுக்காரி ஆயிற்றே!

காரணம் தெரிந்தேதான் பேசினேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். அந்த நாற்றத்தை மறைக்கத்தான் பூ. கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் அவளே ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவாள். கிட்டே வா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. வேறு எதற்காவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவளும் திரும்பமாட்டாள். திமிர் என்று நினைத்தோம்.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பஞ்சு அடைத்துக்கொள்வாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த வைத்தியம். முப்பத்திரண்டாம் வருஷ மழைக்காலத்தில் ஒருநாள் சீழ் நின்றது.

"அக்கா, வத்திப்போச்சு!" என்று ஓடிவந்து சொன்னாள்.

நாலாம் நாள் காய்ச்சல். இடது காதுக்குப் பின்னால் எலுமிச்சங்காய் அளவு வீக்கம், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. நான்தான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் கூட்டிப்போனேன். பாலசுந்தரம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்ததும் அதட்டினார்.

"எத்தினை வருசமா வடியுது? ஏன் என்னட்டைக் காட்டேல்லை?"

"காது வடியறதுக்கெல்லாமா ஐயா ஆஸ்பத்திரி?" என்றேன்.

"சீழ் வத்தேல்லை. வெளியில வர வழியில்லாமல் எலும்புக்குள்ள போயிட்டுது. இனி மூளைக்குப் போனால் ஆள் தப்பாது."

அன்றைக்கே லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்கு அனுப்பினார். பாதித் தலையை மழித்து, காதுக்குப் பின்னால் எலும்பைச் செதுக்கி எடுத்தார்களாம். பிழைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து வந்தபோது சீழ் இல்லை, நாற்றமும் இல்லை. பூவும் வைக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்காய்ச் சீழ் அரித்த காதுகள் இரண்டும் சுத்தமாகச் செவிடு.

மறுநாள் கஞ்சி நேரத்தில் போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

"என்னை மன்னிச்சிடு தாயி" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். நான் கத்திச் சொன்னேன். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

அதட்டுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கோணிய வாயால் சிரித்துவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.