சட்டைப் பையில் ஒரு கேள்வி

சென்ற ஞாயிறு எங்கள் ஊர்க் கூட்டத்தில் என் தலைமையுரை மூன்றே நிமிடம்!

நீங்கள் நம்பமாட்டீர்கள். செஞ்சியில் ஒருவரும் நம்பவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் ஒரு நண்பர் தனியாக அழைத்துப்போய், சுகர் டெஸ்ட் எடுத்து எத்தனை நாளாயிற்று என்று விசாரித்தார். இன்னொருவர் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் சொன்னார். மைக்கைக் கண்டால் விடாத ஆசாமி மூன்று நிமிடத்தில் உட்கார்ந்தால் ஊர் வேறு என்னதான் நினைக்கும்?

காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊரில் ஜினதாஸ் என்று ஒரு நண்பர். கடைத்தெருவில் விதை, உரம், பூச்சிமருந்துக் கடை. சொந்த ஊர் மேல்சித்தாமூர். மனிதருக்கு ஒரு கிறுக்கு உண்டு — பெரிய படிப்பு படித்தவர்கள் பேசுவதைக் கேட்கப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டுமா, அவர்கள் இங்கே வரக்கூடாதா என்று. இரண்டு வருடங்களுக்கு முன்பு அவரே ஆரம்பித்துவிட்டார். மாதம் ஒரு ஞாயிறு, மாலை நாலு மணி, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் பொதுச் சொற்பொழிவு. ஒரு மாதம் நட்சத்திரம், மறு மாதம் கல்வெட்டு. பறவைகள், மொழி வரலாறு, புற்றுநோய்... எதையும் விட்டுவைக்கவில்லை. முகூர்த்த நாளாக இருந்தால் கீழே நாதஸ்வரம், மேலே கருந்துளை. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நடக்கும்.

யார் வருவார்கள் என்கிறீர்களா? ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வருவார்கள். காலேஜ் பிள்ளைகள் வருவார்கள். அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வார். ஃபேன் காற்றுக்கும் மசால் வடைக்கும் வருகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் என்றால் கூட்டம் வேண்டாமா?

பிரச்சினை பேச வருகிறவர்களிடம் இல்லை. அவர்களுக்கு முன்னால் பேசுகிறவர்களிடம்.

நம் ஊர் நோட்டீஸ்களைப் பாருங்கள். வரவேற்புரை, அறிமுகவுரை, இரண்டு வாழ்த்துரை, தலைமையுரை... அப்புறம்தான் சிறப்புரை. நடுவில் பொன்னாடை போர்த்துவது, போர்த்தியதை போட்டோ எடுப்பது, சரியாக விழவில்லை என்று மறுபடியும் போர்த்துவது. இதில் நிரந்தரத் தலைவர் அடியேன். பத்தி எழுதுகிறவன் என்பதால் ஜினதாஸ் கொடுத்த கௌரவம். அந்தக் கௌரவத்தை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

போன மாதம் வந்தவர் தமிழ்ச்செல்வி. சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லித் தருகிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். ‘செஞ்சியின் அடியில் பாறையும் தண்ணீரும்’ என்று தலைப்பு. நம் பக்கத்துக் கிணறுகளின் படங்களையெல்லாம் தேடிச் சேர்த்து, அறுபது ஸ்லைடு தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

தண்ணீர் என்றதும் எனக்கு நாக்கு ஊறிவிட்டது. கோட்டை மேல் ராஜாக்கள் எப்படிச் சுனை காத்தார்கள், குளம் வெட்டினார்கள், முற்றுகை வந்தபோது எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று ஆரம்பித்தேன். கைத்தட்டல் வந்தது. கைத்தட்டல் வந்தால் நிறுத்த முடியுமா? கோட்டையை விட்டு நான் கீழே இறங்கியபோது முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. முன்னால் பேசிய வாழ்த்துரைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாவம், தமிழ்ச்செல்வி அறுபது ஸ்லைடையும் ஜன்னலோர சீட்டில் மின்கம்பம் பார்ப்பதுபோல் ஓட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தது கேள்வி நேரம். எங்கள் கூட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம். பழைய தினசரிக் காலண்டர் தாள்களை ஜினதாஸ் சேர்த்துவைத்து நாற்காலிக்கு ஒன்றாக வைத்துவிடுவார். பின்பக்கம் வெறும் தாள்தானே? கேள்வியை அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைவர் தேர்ந்தெடுத்துப் படிப்பார். எழுந்து நின்று கேட்டால் சிலர் கேள்வி கேட்காமல் தனிச் சொற்பொழிவே ஆற்றுகிறார்கள் என்பதால் நான் கொண்டுவந்த ஏற்பாடு. யார் சொல்கிறார் பாருங்கள்!

நான்கு சீட்டு படித்தேன். முதல் சீட்டு, செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் உண்டா என்பது. ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் எழுதியது. நல்ல கேள்வி என்று பாராட்டினேன். மற்றவையும் அதே ரகம். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நேரமின்மை காரணமாக...” என்று ஆரம்பித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். மடியில் வயர் கூடை. நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன். அப்படியே கையை நீட்டி நன்றியுரை சொல்ல வேண்டியவரை அழைத்துவிட்டேன்.

நேரமின்மையாம். நேரத்தைத் தின்றது யார்?

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்குத் துணி ஊறவைக்கப்போன என் மனைவி சட்டைப் பையைத் துழாவி ஒரு காலண்டர் தாளை எடுத்தாள். பழைய தாள், தூக்கிப் போடு என்றேன். அவள் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கையில் கொடுத்தாள்.

‘எங்க நெலத்துல ரெண்டு போர் போட்டு ரெண்டும் பொகையாப் போச்சி. மூணாவது போட நாளைக்குக் காலைல வண்டி வருது. போடலாமா வேணாமா. சகுந்தலா, சிங்கவரம்.’

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை. அந்தக் கூட்டத்திலேயே ஒழுங்கான கேள்வி அது ஒன்றுதான். அதைத்தான் நான் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஜினதாஸுக்கு போன் போட்டேன். நல்லவேளை, தமிழ்ச்செல்வியைச் சென்னைக்கு அனுப்பும் முன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடினேன். ஜினதாஸ் முன்னால் தட்டில் நாலு இட்லி. காலியான தட்டு ஒன்று பக்கத்தில். என்னய்யா, ராத்திரி வீட்டில் சோறு போடவில்லையா என்று கேலி செய்தேன்.

தமிழ்ச்செல்விதான் மெதுவாகச் சொன்னார், அவர் நேற்று ராத்திரி சாப்பிடவில்லை என்று.

ஜினதாஸ் சங்கடப்பட்டு இட்லியைப் பார்த்தார். “இருட்டிட்டா நாங்க சாப்ட மாட்டோம் சார். கூட்டம் முடிஞ்சி எறங்கும்போது ஏழாயிடுது. மாசத்துல ஒரு நாளுதான, பரவால்ல.”

அவர் சமணர் என்பது எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள் என்பதும் தெரியும். நாலு மணிக் கூட்டம் ஐந்தரைக்கு முடிந்தால் அவர் வெளிச்சத்தில் சாப்பிடலாம் என்பது மட்டும் இரண்டு வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் ராஜா கதை சொல்லச் சொல்ல, அந்த மனிதர் மேடையோரம் நின்று பட்டினியோடு கைதட்டியிருக்கிறார்.

சீட்டைக் காட்டினேன். தமிழ்ச்செல்வி படித்தார். கையைக் கழுவினார். சென்னை பஸ் அப்புறம் கிடைக்கும் சார், வாங்க என்று முன்னால் நடந்தார்.

சிங்கவரத்தில் சகுந்தலா வீடு எது என்று யாரைக் கேட்பது? ஆட்டோக்காரர் சுலபமாகச் சொன்னார் — போர் வண்டி சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே போனால் போச்சு. அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டால் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெல் வயல் தாண்டி, மல்லாட்டைக் கொல்லை (எங்கள் பக்கம் வேர்க்கடலை நிலத்துக்கு அந்தப் பெயர்) தாண்டி... சத்தமே இல்லை.

வண்டி நின்றிருந்தது. கம்பம் நிமிர்ந்திருந்தது. மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் தயார். ஆனால் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது ராகு காலம்! அது முடியக் காத்திருந்தார்கள். மணி எட்டு இருபது. ராகு காலம் இப்படி ஒரு நல்ல காரியம் செய்யும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்காது.

கடைசி வரிசையில் கை தூக்கிய அதே பெண்மணிதான் சகுந்தலா. எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

“நீங்க படிக்கல. சரி, நம்ம கேள்வி அந்த மேடைக்கு லாயக்கு இல்லன்னு நெனச்சிக்கினேன். மாடு கறக்க நேரமாயிடுச்சி, வந்துட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

விஷயம் இதுதான். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் ஒரு இடம் காட்டியிருக்கிறார். வேப்பங்குச்சி பிடித்தவர் இன்னொரு இடம். இரண்டு இடத்திலும் துளை போட்டு, இரண்டிலும் கல்தூள் புகைதான் வந்தது. இந்த மூன்றாவதும் பொய்த்தால் கொல்லையைப் பயிரிடாமல் கரம்பாகப் போட்டுவிட்டு மெட்ராஸில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விடுவேன் என்று கணவர் சொல்லிவிட்டார். அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மறுக்கவில்லை.

தமிழ்ச்செல்வி தேங்காய்க்காரரையும் கேலி செய்யவில்லை, குச்சிக்காரரையும் கேலி செய்யவில்லை. பழைய திறந்த கிணறு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. “எங்க நைனா காலத்துல வெட்டுனது. ஆழமாப் போனாத்தான தண்ணின்னு அத்த வுட்டுட்டோம்” என்றார் சகுந்தலா.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தமிழ்ச்செல்வி கிணற்றுப் படியில் இறங்கினார். சுவரைத் தடவிப் பார்த்தார். மேலே மக்கின கல், கீழே கெட்டிப் பாறை என்று எங்களுக்குக் கையால் காட்டினார். அதற்குள் பக்கத்துக் கொல்லைக்காரர்களும் போர் வண்டி ஆட்களும் கிணற்றைச் சுற்றி நின்றுவிட்டார்கள். யார் யார் எவ்வளவு ஆழம் போட்டீர்கள், எத்தனை அடியில் ஈரம் வந்தது, எங்கே வெறும் புகை என்று ஒவ்வொருவராக விசாரித்து எழுதிக்கொண்டார். பேசியதைவிடக் கேட்டது அதிகம். நேற்று ஸ்லைடு ஓடியபோது கொட்டாவி விட்ட ஊரா இது? கிணற்றடியில் ஒருவர்கூடக் கண் சிமிட்டவில்லை.

பிறகு மேலே வந்து சகுந்தலாவிடம் சொன்னார்: “தண்ணியே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்மா. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பாறையில ஆழம் போகப் போக வெடிப்பு குறைஞ்சுக்கிட்டேதான் போகும். வடக்குச் சுவர்ல ஒரு வெடிப்பு ஈரமா இருக்கு. தூர் எடுத்துட்டு, அங்க சைடு போர் போட்டுப் பாருங்க. எங்க நிலமா இருந்தா அதைத்தான் செய்வேன்.”

சைடு போர் என்றால் கிணற்றுச் சுவரில் படுக்கைவாட்டில் போடும் துளை. அதற்கு இந்தப் பெரிய வண்டி வேண்டியதில்லை.

மணி ஒன்பது. வண்டி ஏஜென்ட் செல்போனைப் பார்த்துவிட்டு, ஆரம்பிக்கலாமா என்றார்.

சகுந்தலா கணவரைப் பார்த்தார். கணவர் கிணற்றைப் பார்த்தார். படித்தவர் சொன்னது தப்பாகிப்போனால்? அவர் சென்னைக்குப் போய்விடுவார், நான் வீட்டுக்குப் போய்விடுவேன். இவர்கள் எங்கே போவார்கள்?

“வண்டி போவட்டும்” என்றார் சகுந்தலா. கணவர் குனிந்து, பூஜைக்கு வைத்த தேங்காயை எடுத்துக் கூடையில் போட்டார்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. தமிழ்ச்செல்விக்கும்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஜினதாஸுக்கு போன் செய்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். பெரிய படிப்பு படித்தவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நாம் சுலபமாகப் பேசுகிறோம். சொன்ன சொல்லைச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று துளை போட்டார்கள். முதல் இரண்டும் காய்ந்த கல். மூன்றாவதில் கசிந்தது. ஆறாக ஓடவில்லை, காலையில் பார்த்தால் கிணற்றில் முட்டியளவு தண்ணீர். பாதிக் கொல்லைக்குக் காணும் என்றார் சகுந்தலா. அந்தப் பாதியில் மல்லாட்டை போட்டாயிற்று. கணவர் ஊரில்தான் இருக்கிறார். இப்போதைக்கு.

சரி, சென்ற ஞாயிற்றுக்கு வருவோம். தலைப்பு ‘மூளையும் தூக்கமும்’. பேச வந்தவர் ஒரு மூளை ஆராய்ச்சியாளர். தூக்கத்துக்குச் செய்முறை விளக்கமாக உங்கள் தலைமையுரையை வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டிலேயே கிண்டல். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துத்தான் போனேன். முப்பத்தைந்தைப் பதினைந்தாகக் குறைத்துத் தயாரித்திருந்தேனே, அது திருத்தம் இல்லையா?

மைக் பிடித்து மூன்றாவது நிமிடம். கோட்டைக் காவலர்கள் எப்போது தூங்கினார்கள் என்று ஆரம்பிக்கப் போகிறேன்... கடைசி வரிசையிலிருந்து ஒரு காலண்டர் தாள் கை மாறிக் கை மாறி மேடைக்கு வந்தது.

‘தலைவர் அய்யா, மாடு கறக்கப் போவணும். வந்தவங்களப் பேச வுடுங்க. சகுந்தலா, சிங்கவரம்.’

இந்த முறை சீட்டைப் பையில் போடவில்லை. படித்தவுடன் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் ஐந்தரைக்கு முடிந்தது. மாடிப் படியில் உட்கார்ந்து, மேற்கு வெயில் மூஞ்சியில் அடிக்க அடிக்க, ஜினதாஸ் டப்பாவைத் திறந்து புளிச்சாதம் சாப்பிட்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கூட்ட நாளில் அவர் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

ஊர் மட்டும் இன்னும் என் சுகரைத்தான் சந்தேகப்படுகிறது.