அக்கா பார்த்து எடுத்த பாத்திரங்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கு, அவருடைய தங்கை எழுதுகிறேன். இத்தனை நாள் உட்கார்ந்து எழுதத் தெம்பில்லை. இப்போதும் இல்லை, ஆனால் நாள் வந்துவிட்டது.

கச்சிராயபாளையத்தில் பிறந்தார் அக்கா. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனதால் எட்டு வயதிலேயே அடுப்படி அவர் பொறுப்பானது. பத்தொன்பதாம் வயதில் சின்னசேலத்தில் வாழ்க்கைப்பட்டார். அப்பா சீராகக் கொடுத்த பாத்திரங்களில் ஒரு குக்கரும் இருந்தது. சந்தையில் வாங்கிய மெல்லிய தகட்டுக் குக்கர். மறு வருடம், பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது அதன் மூடி தெறித்தது. அக்காவின் இடது கை முழங்கை வரை வெந்துபோனது. அதன்பின் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை.

பார்க்க வந்த அப்பாவிடம், வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொன்னார். நடந்ததை என்னிடம் மட்டும் சொல்லி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கையோடுதான் களையெடுத்தார், மகளையும் வளர்த்தார்.

ஏழு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாத்திரம் எடுக்க அப்பா, அக்கா, நான் மூவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அக்கா அவசரப்படவில்லை. குக்கரைக் கண்ணாடி மேசைமேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். மூடியின் விளிம்பை விரலால் தடவினார். வால்வும் கேஸ்கட்டும் பிறகு தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்தார். மிக்ஸியை ஓடவிட்டுக் காது கொடுத்தார். நான்கு கடை ஏறி இறங்கியதில் எனக்குக் கால் வலித்தது. எதையாவது எடுத்துத் தொலைக்கா என்று சலித்துக்கொண்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்த நான்காவது கடையில்தான் அப்பா வாய் திறந்தார்.

“நான் வாங்கிக் குடுத்ததுதானம்மா வெடிச்சுது. ஒம் மாமியா அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீ சொல்லாம மறைச்சிக்கினு இருந்த. நானும் கேக்காமயே இருந்துட்டேன்.”

அக்கா கையிலிருந்த குக்கரை அப்பாவிடம் நீட்டினார்.

“உடுப்பா. இத தூக்கிப் பாரு. கனமா இருக்குதா?”

அப்பா தூக்கிப் பார்த்துத் தலையசைத்தார். அதையே வாங்கினோம்.

அதன்பிறகு உறவில் யார் கல்யாணம் என்றாலும் பாத்திரம் எடுக்க அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். எவ்வளவு களைப்பானாலும் பஸ் ஏறினார். எனக்கு வெள்ளிமலையில் சத்துணவு வேலை கிடைத்தபோது, மலைப்பாதை நெடுக வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். என் வீட்டு கேஸ் அடுப்பின் விரிசல் விட்டிருந்த டியூபை மாற்றவைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

கடைசி எட்டு மாதம் சிறுநீரகம் அவரைப் படுத்தியது. வாரம் இருமுறை ஆஸ்பத்திரி. நான் மலையிறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். ஒரு கட்டத்தில் எப்போது முடியும் என்றுகூட நினைத்தேன். முடிந்த பிறகும் அலுப்பு தீரவில்லை.

ஒரு முறைகூட முகம் சுளிக்காமல் அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய ஆட்டோ ஓட்டுநர் தம்பிக்கும், உப்பில்லாக் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இரவும் பகலும் உடனிருந்த மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

போன வாரம் அக்காவின் மகள் போன் செய்தாள். தனிக்குடித்தனம் போகிறாள்; பாத்திரம் எடுக்க வேண்டுமாம்.

“அம்மா இருந்தா வந்திருக்கும். நீ வர்றியா சின்னம்மா?”

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.