கொளஞ்சியப்பன் போனில் பேசிய பெண்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் கொளஞ்சியப்பனுக்கு அந்த வாரம் போன் அதிகமாக வரவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டார்கள், எடுத்துப் பேசினான். புது நம்பர் என்று ஒன்று கூட அடிக்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் தொழில் படுத்துவிட்டதோ என்று மண்டையைக் குடைந்திருப்பான். இப்போது அதுவும் வசதி என்று விட்டுவிட்டான். மனைவி அமிர்தத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணி, கைத்தாங்கலாக லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

கொளஞ்சியப்பன் பிறந்தது பெண்ணாடம் பக்கம். அப்பா கரும்பு வண்டி ஓட்டியவர். இவனும் பள்ளிக்கூடம் பேருக்குப் போய்விட்டு அதே வண்டியில் ஏறியவன்தான். பிறகு டிராக்டர், அதன் பிறகு கடலூர் வந்து லோடு ஆட்டோ. படபடப்புக்காரன். பால் பொங்கினால் அடுப்பை அணைக்காமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரகம். கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. அவசரத்தில் வாயை விட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் புரண்டு படுப்பான்.

போன மாதம் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மிஷினை நம்பி நெடுநாள் ஓட்டமுடியாது, யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் உண்டு. கொளஞ்சியப்பனின் ரத்தம் சேரவில்லை. ஒரே மகள் கயல்விழி நெய்வேலியில் மாசமாக இருந்தாள்.

"கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர் இருக்காரு சார். சிதம்பரத்துல." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அந்த ஒருத்தர் அமிர்தத்தின் அண்ணன் இளவரசு. சிதம்பரத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. கயல்விழி பெரியமனுஷி ஆன சடங்கு அன்று நடந்த சங்கதி அது. தாய்மாமன் வந்து மாலை போட்டுத்தான் பெண்ணை மனையில் உட்காரவைக்கவேண்டும். நல்ல மழை. பஸ் வழியில் நின்றுபோய் இளவரசு வந்துசேரவில்லை. நல்ல நேரம் போகிறது, போகிறது என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்த, கொளஞ்சியப்பன் நிதானம் தவறி, இளவரசுவின் சித்தப்பா மகனைப் பிடித்து மாலையைப் போடச் சொல்லிவிட்டான். எல்லாம் முடிந்து பந்தி நடக்கும்போது சீர்த்தட்டுகளோடு சொட்டச் சொட்ட நனைந்து இளவரசு வாசலில் வந்து நின்றான். சபையில் ஏற்கெனவே நாலு பேர் ஏசிவிட்ட கடுப்பில் இருந்த கொளஞ்சியப்பன், "இப்ப எதுக்கு வந்த?" என்று கேட்டுவிட்டான். இளவரசு தட்டுகளை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அப்பேர்ப்பட்டவனிடம் போய் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடு என்று கேட்க யாருக்கு வாய் வரும்? மேல்பட்டாம்பாக்கத்து லோகநாயகிதான் நடுவில் புகுந்தாள். அவள் கொளஞ்சியப்பனுக்குப் பெரியப்பா மகள். வாழ்க்கைப்பட்டது, அன்றைக்கு மாலை போட்டானே, அந்தச் சித்தப்பா மகனுக்கு. ஒருவனுக்கு அக்கா, இன்னொருவனுக்கு அண்ணி. இரண்டு பக்கமும் திட்டுவதற்கு உரிமை உள்ளவள். சிதம்பரத்துக்கு நடையாக நடந்து, "அவனே போன் போடுறேன்னு சொல்லிட்டான். நீ வாய மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டு இரு" என்று தம்பியிடம் சொல்லி இருந்தாள். அமிர்தத்துக்கு எதுவும் தெரியாது. ஆசை காட்டி இல்லையென்று ஆகிவிட்டால் தாங்கமாட்டாள் என்று மறைத்து வைத்திருந்தார்கள்.

போன் வரவில்லை. ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை. பிறகு ஒரு காலை லோகநாயகியே நேரில் வந்து இறங்கினாள். அமிர்தம் உள்ளே படுத்திருந்தாள். லோகநாயகி தம்பியை ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

"ஏன்டா, நீ திருந்தவே மாட்டியா?"

"என்னாக்கா ஆச்சு?"

"ஞாயித்துக்கிழம அவன் போன் போட்டிருக்கான். உன் மவள எடுக்க வுட்டு, யார் நீங்க, எதுக்குக் கூப்புடுறீங்கன்னு கேக்க வச்சிருக்க. அமிர்தத்தோட அண்ணன்னு சொல்லியும், அவரால் இப்போது பேச இயலாது, நன்றின்னு வச்சிடுச்சாம் அந்தப் புள்ள. தோள்ல தூக்கிச் சொமந்த புள்ள என்னயே யாருன்னு கேட்டுச்சு, அண்ணின்னு சொல்றான். அவன் கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல."

"கயலு நெய்வேலில இருக்குதுக்கா. எம்போன அது எப்புடி எடுக்கும்?"

"அப்ப எவ எடுத்தா?"

அப்போதுதான் கொளஞ்சியப்பனுக்கு டீக்கடை லூர்துசாமி சொன்னது உறைத்தது. இரண்டு நாள் முன்பு, "என்னா கொளஞ்சி, ஆபீஸ்ல பொண்ணு வேலைக்கு வச்சிட்டியா? எங்க ஊட்டுப் போன்லருந்து போட்டா நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுது. நம்ம ஊர் தண்ணிக்கு இவ்ளோ மரியாதையா?" என்று அவர் கேட்டதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்திருந்தான்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு லூர்துசாமி கடைக்கு ஓடினான். லூர்துசாமி மனைவியின் போனிலிருந்து தன் நம்பருக்குப் போட்டுக் காதில் வைத்தான். கையில் இருந்த அவன் போன் சத்தமே போடவில்லை. காதில் ஒரு பெண், சுத்தமான தமிழில், "வணக்கம். நீங்கள் யார்? எதற்காக அழைக்கிறீர்கள்?" என்றாள்.

லோகநாயகி பிடுங்கிக் கேட்டாள். "இவ யாருடா?" என்றவள், அந்தப் பெண்ணிடமே, "நீ யாருடி மொதல்ல?" என்றாள். அவரால் இப்போது பேச இயலாது, நன்றி என்று பதில் வந்தது.

கொளஞ்சியப்பன் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போன வாரம் போன் அப்டேட் அப்டேட் என்று கேட்டுக்கொண்டே இருந்ததும், தொல்லை விட்டால் போதும் என்று அழுத்தியதும் நினைவுக்கு வந்தது. இளவரசு சொந்தமாகப் போன் வைத்துக்கொள்வதில்லை. இருந்த ஒன்று எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததோடு சரி. யார் போனையோ வாங்கித்தான் கூப்பிட்டிருப்பான். பெயர் பதியாத நம்பரையெல்லாம் இந்தப் பெண் வாசலிலேயே நிறுத்தி விசாரித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியாது. இன்னிக்கே போயி அவங்கால்ல வுழு" என்று சொல்லிவிட்டு லோகநாயகி அமிர்தத்துக்குத் துணையாக வீட்டுக்குப் போனாள்.

அவன் நேராகச் சிதம்பரம் பஸ் ஏறி இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு அடி எடுத்துவைக்கப் பயந்தான். வழியில் மறுபடி இளவரசு கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன ஆவது. திருப்பாதிரிப்புலியூரில் போன் ரிப்பேர் பார்க்கும் ஜான்சியின் கடைக்கு ஓடினான்.

ஜான்சி நோண்டிப் பார்த்தாள். "ஆஃப் பண்ற எடம் ஒண்ணு இருக்குதுண்ணா. பண்ணாலும் தானா ஆன் ஆவுது. இந்த அப்டேட்டே கோளாறு. காலைலருந்து நீங்க மூணாவது ஆளு."

"மொத்தமா அழிக்கணுமாம்மா? அதுல ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டெல்லாம் போட்டோ புடிச்சு வச்சிருக்கேன்."

"அதெல்லாம் வாணாம். போன் பேசுற ஆப்புக்கு மட்டும்தான் அப்டேட் வந்துருக்கு. அத மட்டும் கழட்டிடலாம். வாங்குனப்ப எப்புடி இருந்துதோ அப்புடி ஆயிடும்."

அவள் விரல் போன இடமெல்லாம் அவன் கண் போனது. எதையோ எடுத்துவிடவா என்று போன் கேட்டது, எடு என்று அழுத்தினாள். மறுபடி தானாக ஏறாமல் இருக்க இன்னொரு இடத்திலும் அடைத்தாள். கடைப் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். பழைய நாதஸ்வர மணி கடை அதிர அடித்தது. கொளஞ்சியப்பனுக்குப் போன உயிர் வந்தது. கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் நின்று நின்று போனது. என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டே போனான். மச்சான், அது மிஷின். மச்சான், நான் இல்லை.

மெஸ்ஸில் மத்தியானப் பந்தி முடிந்து, இளவரசு பின்கட்டில் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கொளஞ்சியப்பனைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை.

"மச்சான், போன்ல கேட்டது கயலு இல்ல. போனே கேட்டிருக்குது."

"போனு."

"ஆமா மச்சான். அப்டேட்டுல ஒரு பொம்பள வந்துட்டா."

கூட நின்ற சமையல் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். இளவரசு சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவில் இருந்த போனை வாங்கிவந்தான். "போடுறேன். அவள பேசச் சொல்லு."

போட்டான். கொளஞ்சியப்பன் சட்டைப்பையில் நாதஸ்வரம் கணீரென்று அடித்தது.

இளவரசு போனைக் காதிலிருந்து எடுத்தான். "நல்லாத்தான அடிக்குது. பஸ் காசு போட்டு வந்து எங்கிட்ட பொய் சொல்றியா?"

கொளஞ்சியப்பனுக்கு அவளைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போதுதான் புரிந்தது. சாட்சியை வீட்டிலேயே விட்டுவிட்டு வழக்குக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

"காலைல இருந்துது மச்சான். கடையில குடுத்து எடுத்துட்டேன். திருப்பிப் போட்டுக் காட்டுறேன், நில்லு."

போன் உறையில் ஜான்சி கடை நம்பர் ஒட்டியிருந்தது. கூப்பிட்டான்.

"அம்மா, அந்த அப்டேட்ட திருப்பிப் போடணும்."

"ஏண்ணா, காலைலதான அழாத கொறையா வந்து எடுத்துட்டுப் போனீங்க?"

"இப்ப நெசமாவே அழுவுறேம்மா. சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல அழுத்தினான். பின்கட்டில் நெட் கிடைக்கவில்லை. வாசலுக்கு ஓடினான். தெரு நடுவில் போய் நின்றான். வட்டம் மெதுவாகச் சுற்றியது. உள்ளே இளவரசு அடுத்த அண்டாவை இழுக்கும் சத்தம் கேட்டது. எந்த நிமிஷமும் அவன் வேலை முடிந்து கிளம்பிவிடலாம். கிளம்பினால் மறுபடி முகம் கொடுக்கமாட்டான். அமிர்தம் காலையில் கால் வீங்கி, செருப்புப் போடமுடியாமல் வெறுங்காலோடு நின்றது கண்ணுக்குள் வந்தது.

ஏறிவிட்டது. உள்ளே ஓடினான். இளவரசு வேண்டாவெறுப்பாகப் போட்டான். மறுபடியும் நாதஸ்வரம்.

"போதும், போ" என்றான் இளவரசு.

"ஒரே தடவ மச்சான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணணுமாம். எந்தங்கச்சிமாரி புள்ள சொல்லுது, பொய் சொல்லாது." என்ன பேசுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. போனை அணைத்து எழுப்பினான். அது எழுந்திருக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். சமையல் ஆள் ஒருவன்தான், "அண்ணே, பாவம், ஒருக்கா போடுண்ணே" என்றான்.

இளவரசு போட்டான். பையில் சத்தம் இல்லை. கல்லாப் போனின் ஸ்பீக்கரில் அந்தப் பெண் வந்தாள்.

"வணக்கம். நீங்கள் யார்? எதற்காக அழைக்கிறீர்கள்?"

இளவரசு வாய் திறக்காமல் இருந்தான். அவளே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

"இவதான்" என்றான் இளவரசு. ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கொளஞ்சியப்பனும் பக்கத்தில் குந்தப் போனான். அதற்குள் அடுத்தது வந்தது.

"சரி, போன வாரம் கேட்டது மிஷினு. அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டது?"

"நான்தான் மச்சான்."

"அதக் கழட்டறதுக்கு அந்தக் கடைக்காரப் புள்ளகிட்ட எதுனா இருக்குதா?"

"இல்ல மச்சான்."

"மழையில பஸ் நின்னு, அந்தத் தட்டயெல்லாம் தலையில வச்சிக்கிட்டு நடந்து வந்தேன்யா. பூ மேல தண்ணி படாம இருக்க எஞ்சட்டையக் கழட்டி மூடிக்கிட்டு வந்தேன்."

"பாத்தேன் மச்சான். நீ சட்டயில்லாம நின்னத பாத்துட்டுத்தான் கேட்டேன். சபையில நாலு பேரு ஏசுன கோவத்த உம்மேல போட்டுட்டேன். அமிர்தம் அதுக்கப்பறம் ஒரு மாசம் எனக்குச் சோறு போடல. நீ குடுக்க வாணாம்னாலும் சரி. அமிர்தத்த வந்து ஒரு தடவ பாத்துட்டாவது போ."

இளவரசு எழுந்து உள்ளே போனான். பாத்திரம் உருளும் சத்தம், பேச்சுச் சத்தம் கேட்டது. போய்விட்டான் என்றே கொளஞ்சியப்பன் நினைத்தான். வாசல் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்தும்விட்டான். பின்னால் இளவரசு சட்டை மாற்றிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு வந்தான். "போன வாரமே லீவு சொல்லி வச்சிட்டுத்தான் போன் போட்டேன்" என்றான், வேறு யாரிடமோ சொல்வதுபோல.

பஸ்ஸில் அவன் டிரைவருக்குப் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்தான். கொளஞ்சியப்பன் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தான். ரத்தம் சேருமா சேராதா, டாக்டர் என்ன சொல்வார், அமிர்தம் அண்ணனைப் பார்த்ததும் என்ன ஆவாள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. பி.முட்லூர் தாண்டியதும் இளவரசு எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எறங்குனதும் மொதல்ல அந்தக் கடைக்குப் போயி அவளக் கழட்டு. ஆஸ்பத்திரியிலருந்து கூப்புட்டாலும் அவதான எடுப்பா. அப்பறமா வூட்டுக்குப் போவலாம்."

"சரி மச்சான்."

"நாளைக்கி ரத்தம் எடுக்கறதுக்கு முன்ன சாப்புடலாமா, கூடாதா?"

கொளஞ்சியப்பனுக்கு அது தெரியவில்லை. "காலைலதான் சாப்புடக் கூடாதும்பாங்க. ராத்திரி சாப்புடலாம்னு நெனக்கிறேன். டாக்டர ஒரு வார்த்த கேட்டுடுவோம்" என்றான்.

இளவரசு பையிலிருந்து எடுத்த டிபன் பாக்ஸைத் திறக்காமல், டாக்டரைக் கேட்கும் வரை இருக்கட்டும் என்று திரும்ப உள்ளே வைத்துக் கட்டினான்.